ஒழுங்கையை மூடிய கேற் அன்ரி

எங்கள் ஒழுங்கையில் அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளவத்தையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவில், ஒரு வீட்டில் மீன் பொரித்தால் அது என்ன மீன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் இடத்தில், ஒரு மனுஷி தன் பெயரை இத்தனை காலம் வெளியே விடாமல் வைத்திருந்தது சின்ன வேலை இல்லை. மின்சாரப் பட்டியல் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில் வந்தது. மூலைக்கடைச் சிங்கள முதலாளிக்கு அவர் 'நோனா', எங்கள் 'அம்மணி' மாதிரி. சின்ன வயதில் நாங்கள் வைத்த பெயர் கேற் அன்ரி. அதுவே நிலைத்துவிட்டது.

காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பியதும் இரண்டாவது வீடு. ஆளுயரத் தகரக் கேற். அதில் முகமட்டத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி ஒரு குட்டிக் கதவு போட்டிருந்தார். அழைப்பு மணி இருந்தது. அதன் வயரை அவரே கழற்றி விட்டிருந்தார். ஆள் வந்தால் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. குட்டிக் கதவு திறக்கும், கண்ணாடி போட்ட இரண்டு கண்கள் தெரியும். பிறகுதான் பேச்சு.

பேச்சு என்றால் பெரும்பாலும் இரண்டே சொல். "ஆர் சொன்னது?"

"அன்ரி, நாளைக்குத் தண்ணி வராதாம்."

"ஆர் சொன்னது?"

"பேப்பரில போட்டிருக்கு."

"பேப்பருக்கு ஆர் சொன்னது?"

கதவு மூடிக்கொள்ளும். ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டுக் குழாயடியில் வாளிகள் நிரம்புகிற சத்தம் கேட்கும். இதுதான் அவருடைய விசேஷம். எதையும் நம்பமாட்டார், எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருப்பார்.

தை மாதம் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் கலண்டரை வாங்கியவுடன் மாட்டமாட்டார். தான் காசு கொடுத்து வாங்கிய இன்னொரு கலண்டரோடு பக்கத்தில் வைத்து, தீபாவளி வரைக்கும் சரிபார்த்த பிறகுதான் ஆணியில் ஏறும். "சும்மா தாறவன் என்னத்தையும் போட்டிருப்பான்" என்பார். முகத்துவாரத்திலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்து அந்தச் சதுரத்துக்கு நேரே காட்ட வேண்டும். எங்கே பிடித்தது, யார் பிடித்தது, நேற்று எங்கே கிடந்தது என்று கேள்வி. ஒரு நாள் மீன்காரர் வெறுத்துப்போய் ஒரு பாரை மீனைத் தூக்கிச் சதுரத்தில் வைத்து, "நீங்களே அதுகிட்டக் கேட்டுக்குங்கம்மா" என்றார். அன்ரி அந்த மீனை நல்ல நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்றுவிட்டார்.

பொங்கலன்று ஒழுங்கை வீடுகள் கொண்டுபோய்க் கொடுக்கிற பொங்கலை வாங்குவார். பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் தராமல் சீனி போட்டுத்தான் திருப்பித் தருவார். அந்த மரியாதையெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அவர் வீட்டுக்கு நேர் எதிரே மாடியில் இருந்த எங்களுக்கு யன்னலால் மற்றதும் தெரியும். முதல் பிடியை மதிலில் காகத்துக்கு வைப்பார். "காகத்துக்கு வைக்கிறது எல்லா வீட்டு வழக்கம்தான்" என்பார் அம்மா. "ஆனா இவ, திண்ட காகம் திரும்பப் பறக்குதோ எண்டெல்லோ பாத்துக்கொண்டு நிக்கிறா."

இப்படிச் சொல்லிச் சிரித்தாலும் அம்மாவுக்கு அன்ரியைக் கண்ணில் காட்டக்கூடாது. அதற்குக் காரணம் இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த மாடியில் குடியேறியது சண்டைக் காலம். கொழும்பில் தங்குகிற தமிழர் எல்லோரும் பொலிசில் பதிந்து துண்டு வைத்திருக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்ததில் அப்பாவுக்குத் துண்டு வந்து சேரவில்லை. அப்படி இருக்கையில் ஒரு விடியற்காலை பொலிஸ் ஒழுங்கையை மூடிவிட்டது. காலி வீதிப் பக்கம் ஒரு தடுப்பு, ரயில் பாதைப் பக்கம் இன்னொரு தடுப்பு. அந்தத் தடுப்பின் இரும்புக் கால் தாரில் இழுபடுகிற சத்தத்தில்தான் நாங்கள் எழும்பினோம். றவுண்டப், சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லோரும் அடையாள அட்டையோடு இறங்கி ஒழுங்கை வாயில் வரிசையில் நிற்கவேண்டும். அப்பா நீலச் சேட் போட்டுக்கொண்டு போனார். நானும் அம்மாவும் யன்னலில் நின்றோம்.

அன்ரி தன் கேற்றைத் திறந்து வெளியே வந்து நின்றார். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பெரியவனாகத் தெரிந்த ஒருவனோடு ஏதோ பேசினார். அம்மாவுக்கு அப்போது சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அன்ரி கையை நீட்டி, வரிசையில் நின்ற அப்பாவைக் காட்டினார். அந்தப் பெரியவன் சிரித்தான். நேரே அப்பாவிடம் போனான். ஏதோ கேட்டான். பிறகு அப்பாவை வரிசையிலிருந்து இழுத்து ட்ரக்கில் ஏற்றினார்கள்.

அப்பா திரும்பி வரும்போது மழைக்காலம் முடிந்திருந்தது. உள்ளே நடந்ததை அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. அன்றிலிருந்து அவர் எந்த வரிசையிலும் நிற்கமாட்டார். வங்கியில்கூட, ஆட்கள் எல்லோரும் போய் முடியும் வரை வெளியே மரத்தடியில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒன்றை மட்டும் எப்போதாவது, சாப்பிட்டுவிட்டுக் கை காய்கிற நேரத்தில், தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்வார்.

"விசர்க் கேள்வி ஒண்டெல்லோ கேட்டவங்கள். உன்ர அக்கான்ர பேர் என்ன எண்டு. எனக்கு ஏது அக்கா? அக்கா இல்லை எண்டன். அதோட அடிச்சாங்கள். ஆரோடையோ என்னை மாறிப் பிடிச்சிட்டாங்கள்."

அம்மாவுக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அம்மா கண்டது அந்தக் கையை. "அவதான் காட்டிக் குடுத்தவ. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்." ஒழுங்கையில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொலிஸ்காரனோடு நின்று கதைக்கிறவ, வீட்டுக்குள் ஒருநாளும் தேடுதல் நடக்காதவ, பெயர்கூடச் சொல்லாதவ. பெயரை மறைக்கிறவளுக்கு வேறு என்ன மறைக்க இருக்காது? அம்மா என்னை அந்தக் கேற்றுக்கு மற்றப் பக்கத்தால் நடக்கப் பழக்கினார். வந்த புதிதில் ஒரு தடவை கொடுத்த பொங்கலும் அதோடு நின்றது. அம்மா சாகும்வரை அந்தக் கையை மறக்கவில்லை.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குப் போய், சிங்களம் படித்து, சண்டை முடிந்து, எங்கள் ஒழுங்கையில் பழைய வீடுகள் இடிந்து மாடி மேல் மாடி எழும்பின பிறகும், அந்தக் குட்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நான் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். இந்த மனுஷி யாருக்குச் சொல்வதற்காக எங்களைப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் தோன்றும்.

பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் இழுத்துவிட்டது. நாக்கும் தடித்துவிட்டது. நடக்கப் பழக வேண்டும் என்று பிசியோ சொன்னார். படியில்லாத, மேடுபள்ளமில்லாத, பயமில்லாத இடத்தில் ஒவ்வொரு கிழமையும் நடக்காவிட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்றார். வெள்ளவத்தையில் அப்படி ஒரு இடத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு விறாந்தை கட்டிலும் அலமாரியும் போக ஆள் திரும்பத்தான் காணும். ஒழுங்கையில் நடைபாதை கிடையாது. காலி வீதி நெரிசலுக்குத் தப்பிக் கடலோர மரைன் டிரைவுக்கு இறங்குகிற கார், ஓட்டோ, சாமான் வான் எல்லாம் எங்கள் வாசலால்தான் பாயும். ஒரு தடவை கூட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்த அடியில் அப்பா மதிலோடு ஒட்டிக்கொண்டார். பிறகு இறங்கமாட்டேன் என்றுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பச்சை நிற ரீசேட் போட்ட பிள்ளைகள் சிலர், மாநகரசபை ஆள் ஒருவரோடு ஒழுங்கைக்கு வந்தார்கள். ஞாயிறு காலைகளில் ஒழுங்கையை வாகனங்களுக்கு மூடப்போகிறார்களாம். பிள்ளைகள் விளையாடலாம், பெரியவர்கள் நடக்கலாம், கதிரை போட்டு இருந்து கதைக்கலாம். வெளிநாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். புது அபார்ட்மென்ற் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் கால் ஒன்றுதான் அப்போது என் மூளையில் இருந்தது.

கேற் அன்ரியும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வாசல் தூணோடு நின்றார். எல்லோரும் கைதட்டி முடிந்த பிறகு அவர் குரல் வந்தது.

"ஆர் மூடுறது?"

ரீசேட் போட்ட பையன் சிரித்த முகமாகத் திரும்பினான். "பொலிஸ் வந்து பரியர் போட்டுத் தருவினம், அன்ரி."

"உள்ளுக்க இருக்கிறவை எப்பிடி வெளியில போறது?"

"அது பிரச்சினையே இல்லை அன்ரி. நடந்து போகலாம்."

"அண்டைக்கும் நடந்துதான் போனவை" என்றார் அன்ரி.

பையனுக்கு விளங்கவில்லை. அவன் பிறந்ததே எல்லாம் முடிகிற காலத்தில். கூட்டத்தில் என் வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் கீழே பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு தடவை என் அப்பாவை நடக்கவைத்து அனுப்பினது போதாதென்று, இப்போது அவர் நடக்கிறதையும் கெடுக்கப் பார்க்கிறா என்று நினைத்தேன். போகிறபோது அன்ரி என்னைத் தாண்டித்தான் போனார். "பிள்ளை, கொப்பருக்குச் சொல்லிவை" என்றார். என்னத்தைச் சொல்லுவது என்று நான் கேட்கவில்லை. அவரோடு பேசி எனக்குப் பழக்கமில்லை.

அப்பாவுக்குச் சொல்லத்தான் செய்தேன். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அந்தப் பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் தலையாட்டிக் கேட்பதில் பாதி மனதில் தங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். கீழே இரும்புக் கால் தாரில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டேன். பகிடிதான், மூடப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தும் அணைத்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவின் கட்டில் காலி.

அவர் சேட் போட்டிருந்தார். ஒற்றைக் கையால் போட்டதில் பொத்தான் ஒன்றுக்கொன்று மாறியிருந்தது. லோங்ஸ் காற்சட்டையும் போட்டிருந்தார். எத்தனையோ மாதமாக என் தோளைப் பிடிக்காமல் இறங்காத படியை, சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய் வாசலுக்கு வரும்போது ஒழுங்கை நடுவில் நின்றார். சேட் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வலது கையில் பிடித்திருந்தார். மூடின ஒழுங்கை வாயைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அப்போது கேற் திறந்தது. குட்டிக் கதவு இல்லை, முழுக் கேற். அன்ரி வெளியே வந்தார். கால் கழுவி, புதுச் சேலை உடுத்து, தோளில் ஒரு பழைய ரெக்சின் பை.

"தனியப் போகவேண்டாம்" என்றார் அப்பாவிடம். "நானும் வாறன்."

நான் கிட்டப் போனேன். "அன்ரி, இது விளையாட்டுக்கு மூடினது. அப்பா, இது றவுண்டப் இல்லை. நான் சொன்னனான் எல்லே?"

"ஆர் சொன்னது?" என்றார் அன்ரி, என்னைப் பார்க்காமலே. இரண்டு பேரும் நடந்தார்கள். ஒருவர் காலை இழுத்து இழுத்து, மற்றவர் பையைப் பிடித்துக்கொண்டு. நான் பின்னால்.

தடுப்படியில் ஒரு கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு இளம் கொன்ஸ்தாபிள். அப்பா அட்டையை நீட்டினார். அந்தப் பையன் எழும்பி நின்று அட்டையை வாங்கினான், இரண்டு பக்கமும் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, இன்றைக்கு வாகனம் வராது அங்கிள், நீங்கள் ஆறுதலாக நடக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னான். அன்ரி அவனையும் விடவில்லை. யார் சொன்னது என்று சிங்களத்தில் கேட்டார். அவன் ஒழுங்கைக்குள்ளே கையைக் காட்டினான். பச்சை ரீசேட் பிள்ளைகள் பட்மின்ரன் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்ரி அதையும் நல்ல நேரம் பார்த்தார், மீனைப் பார்த்த மாதிரி. "சரி, நடவுங்கோ. நானும் பக்கத்தில வாறன். ஏதும் எண்டா பை இருக்கு" என்றார்.

பையில் என்ன என்று கேட்டேன். சாரம், துவாய், சவர்க்காரம், பிஸ்கட், பனடோல். ஆம்பிளை இடுப்பில் கட்டுகிற சாரம். அன்ரி தனிய இருக்கிற மனுஷி. யாருக்கு இந்தச் சாரம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தோடு பின்னால் நடந்தேன்.

கடல் பக்கம் இறங்குகிற சரிவில் வெயில் இன்னும் ஏறவில்லை. ஒழுங்கை அவ்வளவு அகலம் என்று அன்றுதான் கண்டேன். நடுவில் அவர்கள் இரண்டு பேரும். பாதித் தூரத்தில் அப்பா நின்றார். நாக்கைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அண்டைக்கு... என்னைக் காட்டினது... நீங்களோ?"

அம்மா இருந்தவரை அவர் இதை ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆர் சொன்னது?" என்றார் அன்ரி. ஆனால் வழக்கமான குரல் இல்லை.

"என்ர மனுசி. யன்னலால... கண்டவ. கையை நீட்டினனீங்களாம்."

"நீட்டினனான்." அன்ரி பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "கையை நீட்டினதும் நான்தான், வாயைத் திறந்ததும் நான்தான். உங்களிட்டைப் பதிவுத் துண்டு இல்லை எண்டு எனக்குத் தெரியும். துண்டில்லாத ஆளை ஏத்துவாங்கள் எண்டும் தெரியும். புதுசா வந்த ஆள், மேல ஒரு பெடிச்சி அழுதுகொண்டு நிக்குது. நான் அந்தப் பெரியவனிட்டைச் சொன்னன், அந்த நீலச் சேட் மகே மல்லி எண்டு. என்ர தம்பி, என்னைப் பாக்க வந்தவர் எண்டு சொன்னன்."

அப்பா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அவன் சிரிச்சான். நல்லது நோனா எண்டான். நேர உங்களிட்டை வந்து, உன்ர அக்கான்ர பேர் என்ன எண்டு கேட்டான். தம்பி எண்டு சொல்ல யோசிச்ச எனக்கு, தம்பிக்கு என்ர பேர் தெரியாது எண்டு யோசிக்க வரேல்லை. துண்டில்லாத ஆள் எண்டா விசாரிச்சுப்போட்டுப் பின்னேரம் விட்டிருப்பாங்கள். பொய் சொல்லி ஒளிச்ச ஆள் எண்டுதான் உங்களைக் கொண்டுபோனவங்கள். பொய் சொன்ன என்னை ஏன் விட்டவங்கள் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

"பை?" என்றார் அப்பா.

"அண்டைக்குக் கட்டினது. ஸ்டேசன் வாசல் வரைக்கும் கொண்டுவந்தனான், உள்ளுக்க விடேல்லை. பிறகு அவிழ்க்கேல்லை. பிஸ்கட் மட்டும் மாத்துவன்."

பிறகு அன்ரி அப்பாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ சொன்னார். ஒரு சொல்தான். எனக்குக் கேட்கவில்லை. "ஞாபகம் வைச்சிருங்கோ. இனி ஆரும் கேட்டாச் சொல்ல வேணும்" என்றார். அப்பா தலையாட்டினார். இரண்டு பேரும் மெல்ல நடந்து ரயில் பாதை மட்டும் போய்த் திரும்பினார்கள்.

நான் நம்பினேனா? உண்மையைச் சொன்னால், அன்று முழுதாக நம்பவில்லை. அம்மா பிள்ளைதானே நான். ஒரு கதை கட்டுவதற்கு இத்தனை வருஷம் தாராளமாகக் காணும் என்று ஒரு பக்கம் சொல்லியது. அக்கா பெயரை அப்பாவிடம் கேட்டார்கள் என்பதை ஒழுங்கையில் யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். அம்மாவே யாரிடமும் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் கேட்டேன், நம்புகிறீர்களா என்று. அடுத்த ஞாயிறு தானே சேட் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அப்படிச் சில ஞாயிறுகள் போயின. அப்பாவின் கால் பிடிவாதத்தை விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் தாரில் சோக்குக் கட்டியால் கீறினார்கள், ஒருத்தர் கரம்போர்ட் கொண்டுவந்தார், பெரிய கமெராவோடு ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். அன்ரி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "படம் எடுத்தாச்சு. இனி வரமாட்டாங்கள்" என்றார். எனக்கு அந்தச் சந்தேகம் எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த ஞாயிறு தடுப்பும் வரவில்லை, ரீசேட்டும் வரவில்லை. போன் எடுத்தால், வேறு ஒரு வீதிக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள்.

அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யன்னலடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு முதலே இறங்கிவிட்டார். கீழே காது கிழிகிற ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

ஒழுங்கை வாயில் கேற் அன்ரியின் பிளாஸ்ரிக் கதிரை. அதற்கு ஒரு பக்கம் அவர் உடுப்புக் காயப்போடுகிற ஸ்ராண்ட், மற்றப் பக்கம் குரோட்டன் சாடிகள். கதிரையில் அன்ரி, மடியில் பை. முன்னால் ஒரு சாமான் வான் உறுமிக்கொண்டு நின்றது, அதற்குப் பின்னால் ஓட்டோக்கள். வான்காரன் இறங்கிக் கத்தினான். அன்ரி அவனைக் கலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். காலி வீதியிலிருந்து டிராபிக் கொன்ஸ்தாபிள் ஒருவர் வந்தார். வயதான ஆள், தொப்பை, வெயிலில் வெந்த முகம். யாரைக் கேட்டு ஒழுங்கையை மூடினாய் என்றார். அன்ரி பேசவில்லை. உன் பெயர் என்ன என்றார். அன்ரி பேசவில்லை. பெயரைச் சொல், இல்லாவிட்டால் ஸ்டேசனுக்கு வா என்றார்.

அப்போது அன்ரி கையை நீட்டினார். ஒழுங்கைக்குள்ளே, வெறும் தாரில் தனிய நடந்துகொண்டிருந்த அப்பாவைக் காட்டினார். அம்மா நின்ற அதே யன்னலில் நான் நின்றேன். அதே கை. இப்போது எனக்குச் சிங்களம் தெரியும்.

"மகே மல்லி" என்றார் அன்ரி. "என் தம்பிக்குக் கால் சரியில்லை. அவர் நடந்து முடியட்டும், பிறகு எடுக்கிறேன்."

அம்மாவைத்தான் நினைத்தேன். அம்மாவுக்கும் இந்தச் சொல் அன்றைக்கு விளங்கியிருந்தால்? கொன்ஸ்தாபிள் அன்ரியை ஒருமுறை பார்த்தார், ஸ்ராண்டைத் தாண்டி அப்பாவிடம் போனார். படியில் விழுந்தடித்து இறங்கினேன். நான் போய்ச் சேர முதல் அவர் கேட்டுவிட்டார். சந்தேகப்பட்டுக் கேட்டாரா, வேலைக்காகக் கேட்டாரா, தெரியாது.

"உன் அக்காவின் பெயர் என்ன?"

அப்பா நின்றார். வலது கையால் மதிலைப் பிடித்தார். வாய் கோணிக்கொண்டு போனது, நாக்கு முன்னுக்கு வந்து பின்னுக்குப் போனது. வான்காரன்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. கதிரையிலிருந்த அன்ரி திரும்பிப் பார்க்கவில்லை, பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்பா சொன்னார். தெளிவாக, ஒரு எழுத்தும் குறையாமல் சொன்னார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய சாதாரணப் பெயர். கொன்ஸ்தாபிள் தலையாட்டிவிட்டு வானைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு மழை இல்லாத ஞாயிறுகளில் எங்கள் ஒழுங்கையை மூடியது மாநகரசபை இல்லை, அந்த ஸ்ராண்டும் சாடிகளும்தான். அப்பா கடைசிவரை அங்கேதான் நடந்தார். அவர் போன அடுத்த வருஷம் ஒரு காலையில் யாரோ உறவு என்று ஒரு வான் வந்து அன்ரியை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. பையை மட்டும் என் கையில் தந்தார். பிஸ்கட் புதிது.

கேற் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ற். புதிதாக வந்தவர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு, அந்த அன்ரியின் பெயர் என்ன என்று. நான் சொல்வதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால், எந்த ஊரில் இருந்தாலும் அந்தக் குட்டிக் கதவைத் திறந்து கேட்பார், ஆர் சொன்னது என்று.

தம்பி சொன்னவர், அன்ரி. உங்கட தம்பி.